பன்னிரண்டாவது கையெழுத்து

"செத்தவங்க வந்து கையெழுத்து போடுவாங்களா, சொல்லுங்க!"

உள்ளூர் வரலாற்றுச் சங்கத்தின் செயலாளர், வருகைப் பதிவேட்டைக் கணவரின் மூக்குக்கு நேரே நீட்டினார்.

நூலகத்து மாடி அறையில் வியாழன்தோறும் மாலை சங்கத்தின் பேச்சு. வாடகை கிடையாது. ஆனால் பன்னிரண்டு பேராவது வந்தாக வேண்டும். இல்லாவிட்டால் அறை தையல் வகுப்புக்குப் போய்விடும்.

வருவதோ, செயலாளரோடு சேர்த்துப் பதினோரு பேர். அதிலும் கணவர் வருவது வீட்டு அமைதிக்காக.

அறை போயே போச்சு என்றுதான் இருந்தார்கள். சரிபார்க்க நூலகத்துக்குப் போன பதிவேடு இன்று காலை 'அனுமதி நீட்டிக்கப்பட்டது' என்ற முத்திரையோடு திரும்பி வந்துவிட்டது. சந்தோஷமாகப் புரட்டிப் பார்த்தால் இந்தக் கூத்து.

"போன வாரம் பாலம் கட்டின மேஸ்திரியைப் பத்திப் பேசினோம். பன்னிரண்டாவது கையெழுத்து அவரோடது! அதுக்கு முந்தின வாரம் ஊரோட முதல் மருத்துவச்சி. எல்லாரும் போய்ச் சேர்ந்து நூறு வருஷமாச்சு!"

"தங்களைப் பத்திப் பேசறாங்கன்னு கேள்விப்பட்டு வந்திருப்பாங்க."

"சிரிக்காதீங்க. இது உங்க வேலையா?"

"அய்யய்யோ! என் கையெழுத்தைப் போடவே எனக்குச் சோம்பல்."

கணவர் குரலைத் தணித்தார். "கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்திருக்கு. பேசாம விட்டுடேன்."

"எப்படி விடறது? ஆதாரம் இல்லாத வரலாறு வெறும் வம்புன்னு வாரா வாரம் சொல்றவ நான். பொய்க் கையெழுத்துல கிடைச்ச அறையில எந்த மூஞ்சியோட உட்கார்றது?"

பதிவேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நூலகத்துக்குக் கிளம்பிவிட்டார்.

நூலகக் கண்காணிப்பாளருக்குச் சங்கத்தில் 'பூட்டு' என்று பெயர். பேச்சு தொடங்கியதுமே சாவிக்கொத்தோடு கதவுக்கு வெளியே வந்து நின்றுவிடுவார், எப்போதடா முடிப்பீர்கள் என்கிற மாதிரி. அந்த முறைப்பு தாங்காமல் ஒரு வாரம் செயலாளரே எழுந்துபோய்க் கதவைச் சாத்தியிருக்கிறார்.

"சார், இந்த அனுமதி எங்களுக்கு வேண்டாம்." செயலாளர் பதிவேட்டை மேசைமேல் வைத்தார். மூன்று வருஷமாக நாயாய் அலைந்து வளர்த்த சங்கம். "வாரா வாரம் ஒரு பொய்க் கையெழுத்து விழுந்திருக்கு. எங்க ஆளு யாரோதான் போட்டிருக்கணும். நிஜமா வர்றது பதினோரு பேர்."

பூட்டு தலை நிமிரவில்லை. "பன்னிரண்டு."

"இல்ல சார், நானே தலையை எண்ணறேன்."

"உள்ளே எண்ணறீங்க. வெளியில ஒருத்தன் கால் கடுக்க நிக்கிறானே, அவனை எண்ணினீங்களா?"

செயலாளரின் பார்வை அவருடைய சாவிக்கொத்துக்குப் போனது.

"பதிவேட்டைச் சரிபார்த்து முத்திரை குத்தறவன் நான். அதுல என் பேரையே எழுதினா நல்லாவா இருக்கும்? அதான், அன்னிக்கு யார் கதையைக் கேட்டேனோ அவங்க பேரைப் போட்டேன். தப்புதான், ஒத்துக்கறேன். ஆனா ஆள் கணக்குல பொய் இல்லம்மா."

செயலாளருக்கு நம்பவும் முடியவில்லை, நம்பாமல் இருக்கவும் முடியவில்லை. பழக்கதோஷத்தில் வாயில் வந்துவிட்டது.

"நீங்க கேட்டீங்கங்கிறதுக்கு என்ன சார் ஆதாரம்?"

பூட்டு முதல்முறையாகச் சிரித்தார்.

"அந்த மருத்துவச்சி வெள்ளத்துல படகேறிப் போய்ப் பிரசவம் பார்த்தாங்களே, அந்தக் குழந்தை பிழைச்சுதாம்மா? சரியா அந்த இடத்துலதான் நீங்க எழுந்து வந்து கதவைச் சாத்திட்டீங்க."