முப்பத்தெட்டாம் பாட்டில்

2022 ஆகஸ்ட் 17, ஈரோடு. சாயப்பட்டறைத் தொழிலாளர்களுக்கான சிறுநீர்ப்பைப் புற்றுநோய்ச் சோதனை முகாம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. நாற்பத்தொரு பேர் வந்தார்கள்.

மாதிரிகளை வாங்கி வைக்கும் முகாம் ஊழியர் அவள். முப்பத்தெட்டாம் பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

ஒட்டியிருந்த சீட்டு நனைந்து ஓரம் சுருண்டிருந்தது. நாச்சிமுத்து, 47 என்ற எழுத்து கலங்கியிருந்தது.

மூடியைத் திறந்தாள். சோப்புத்தூள் மணம்.

மணமகள் அறை அது. ஆளுயரக் கண்ணாடியின் கீழே தெர்மாகோல் பெட்டி. அதில் முப்பத்தேழு பாட்டில்கள்.

முந்தின நாள் சாயங்காலம் பட்டறை பட்டறையாகப் போய் அவளே கொடுத்தவை. அடியில் இரண்டு விரல் உயரத்துக்கு நிறமில்லாத ஒரு திரவம் இருக்கும். காலையில் அதன்மேலேயே கறுப்புக் கோடு வரை சிறுநீர் பிடிக்க வேண்டும். அந்தத் திரவம் இல்லாவிட்டால் செல்கள் வழியிலேயே சிதைந்துவிடும். சென்னை ஆய்வுக்கூடத்துக்குப் போய்ச் சேரும்போது டி.என்.ஏ.வில் படிக்க எதுவும் மிஞ்சாது.

கொட்டிவிடக் கூடாது என்று ஒவ்வொருவரிடமும் சொல்லியிருந்தாள்.

"கழுவுனீங்களாண்ணா?"

மேசைக்கு அந்தப் பக்கம் நின்றவர் தலையாட்டினார். வெள்ளை வேட்டி, இஸ்திரி போட்ட சட்டை. மண்டபத்துக்கு வருகிறோம் என்று உடுத்தியது போலிருந்தது.

"சுத்தமாக் குடுக்கோணுமில்லீங்க அம்மிணி. சோப்புப் போட்டு ரெண்டு தரம் கழுவிப்போட்டேன்."

வரிசையில் பின்னால் நின்றவரால் சும்மா இருக்க முடியவில்லை.

"பதினஞ்சு நாளா நேவி புளூவுல முங்கிக் கெடக்கறாருங்க. அண்ணன் ஒண்ணுக்குப் போனாலும் சாயந்தான் வரும்."

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

"அது நெசந்தானுங்க" என்றார். "காத்தால மொதல்ல புடிச்சது செவப்பா இருந்துச்சு. கையில இருந்த சாயம் பாட்டில்ல எறங்கிருச்சாட்ட இருக்குதுன்னு கொட்டிப்போட்டேன். அப்பறம் கழுவிப்போட்டு, தண்ணியக் குடிச்சுப்போட்டுப் புடிச்சேன். தெளிவா வந்துச்சு."

அவள் அவருடைய கைகளைப் பார்த்தாள்.

மேசை விளிம்பைப் பிடித்திருந்தன. பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்த கைகள். தோல் வெடித்திருந்தது. இருந்தும் நக இடுக்கில், ரேகைகளில், மோதிரத்துக்கு அடியில் சாயம் நின்றிருந்தது.

நீலம்.

சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

அவள் ஒரு புதிய பாட்டிலை எடுத்துப் பெயர் எழுதினாள். 38 என்று எழுதினாள்.

"இந்தத் தண்ணிய மட்டும் கொட்டீராதீங்கண்ணா."

மணி பன்னிரண்டு பத்து. சென்னைக்கு வண்டி ஒரு மணிக்கு. முகாமுக்கு இன்னொரு நாள் கிடையாது.

குறை ஏதும் இல்லாதவர்களுக்கு முடிவு தபாலில் வரும். மற்றவர்களை ஆஸ்பத்திரியிலிருந்து போனில் கூப்பிடுவார்கள். குழாய் விட்டுப் பார்ப்பதிலிருந்து அறுவை வரை இலவசம். வாசலில் ஒட்டியிருந்த தாளில் அப்படித்தான் இருந்தது. படிக்க முடியாமல் போகும் மாதிரிகளைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

அவருக்குச் சிறுநீர் வரவில்லை. மண்டபத்துக்குள் நுழையும் முன்புதான் போயிருந்தார்.

பந்தி நடக்கும் கூடத்திலிருந்து அவள் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்தாள். பிறகு இன்னொன்று. அவர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து குடித்தார். எழுந்து உள்ளே போனார். குழாயைத் திறந்துவிடும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தார். உட்கார்ந்தார்.

மிச்சம் மூன்று பேரும் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

வெளியே டிரைவர் ஹாரன் அடித்தார்.

மறுபடியும் அடித்தார்.

அவள் எழுந்து ஜன்னலைச் சாத்தினாள்.

ஒன்று இருபதுக்கு அவர் கதவைத் திறந்துகொண்டு வந்தார். பாட்டிலை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தார். கோடு வரை இருந்தது. தெளிவாக இருந்தது.

மூடியை இறுக்கி, ஐந்து முறை தலைகீழாகக் கவிழ்த்துக் கலக்கினாள். பெட்டியில் காலியாக இருந்த குழியில் வைத்தாள்.

பிறகு அவருடைய படிவத்தை எடுத்தாள். காலையில் அவரே நிரப்பியது. ஆறாவது கேள்வி: சிறுநீரில் எப்போதாவது ரத்தம் வந்ததுண்டா?

இல்லை என்ற கட்டத்தில் டிக் இருந்தது.

படிவத்தை அவர் பக்கமாகத் திருப்பினாள். ஆறாவது கேள்விக்கு நேரே பேனாவை வைத்தாள்.

அவர் படித்தார். அவளைப் பார்த்தார்.

பிறகு தன் நகங்களைப் பார்த்தார், ஒவ்வொன்றாக. கையைத் திருப்பி உள்ளங்கையையும் பார்த்தார்.

வெகுநேரம் பார்த்தார்.

பேனாவை எடுத்தார்.

செப்டம்பர் 12 அன்று ஆய்வுக்கூடத்திலிருந்து முடிவுகள் வந்தன. நாற்பத்தொரு மாதிரிகளையும் படிக்க முடிந்திருந்தது.

நாற்பது பேருக்குத் தபால் போனது.