ஆட்சேபணை அம்மா

“ஊசிக்கு நான் சம்மதிக்க மாட்டேன், மேடம். ஆட்சேபணைன்னு எழுதிக்கோங்க!”

அதிகாரியின் தலை வாசலில் தெரிந்ததுமே தையல்காரி சொல்லிவிட்டாள். மிஷினைக்கூட நிறுத்தவில்லை. காப்பகத்தில் இருக்கும் அவளுடைய ஏழு வயது மகளுக்குத் தடுப்பூசி என்றாலே இதே பல்லவிதான்; ஒவ்வொரு தடவையும் விஷயம் கோர்ட் விசாரணைக்குப் போகும். குழந்தைகள் நல அலுவலகத்தில் அவளுக்குப் பெயரே ‘ஆட்சேபணை அம்மா’.

அதிகாரி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். தையல்காரி பிடிவாதக்காரியே தவிர, கெட்டவள் இல்லை. பார்க்கப் போன இடத்தில் ஒருநாள், யாரிடமும் சொல்லாமல் மகளை வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டாள். அதோடு பார்க்கிற அனுமதியும் போயிற்று.

“போன தடவை கோர்ட்ல ஜட்ஜ் அவ்வளவு கேட்டாரே, ஊசி ஏன் வேண்டாம்னு வாயைத் திறந்தீங்களா? மரம் மாதிரி நின்னீங்க!”

“எனக்குப் பேச வராது, மேடம்.”

“சரி விடுங்க. நீங்க கொடுத்தனுப்பின கவுன் அளவெடுத்துத் தைச்ச மாதிரி இருக்குன்னு வார்டன் அசந்துபோயிட்டாங்க. எப்படிங்க?”

தையல்காரி சிரித்தாள். மிஷினில் இப்போதும் ஒரு மஞ்சள் கவுன். கை மட்டும் இன்னும் வைக்கவில்லை.

“இனிமே உங்களுக்கு அலைச்சலே இல்லை. உங்களுக்காகத்தான் நானே மனு போட்டேன். வழக்கமான ஊசிக்கெல்லாம், பெத்தவங்க ஆட்சேபிச்சாலும் நாங்களே முடிவெடுக்கலாம்னு கோர்ட் சொல்லிடுச்சு. விசாரணையே கிடையாது. காலையில ஊசியும் போட்டாச்சு.”

மிஷின் நின்றது.

“அப்போ அவளைக் கோர்ட்டுக்குக் கூட்டிட்டு வர மாட்டீங்களா?”

“எதுக்கு? பயப்படாதீங்க, ஊசி அவளுக்கு நல்லதுதான்.”

“நல்லதுன்னு எனக்குத் தெரியாதா, மேடம்? ராத்திரி காய்ச்சல் அடிச்சா நெத்தியில ஈரத்துணி போடச் சொல்லுங்க.”

தையல்காரி மஞ்சள் கவுனை மடியில் விரித்துத் தடவினாள்.

“ஜட்ஜ் முன்னாடி அவ வந்து நிக்கிற அந்தக் கொஞ்ச நேரத்துலதான் அவளைக் கண்ணாலயே அளவெடுப்பேன். இதுக்குக் கை எவ்வளவு நீளம் வைக்கட்டும், மேடம்?”

அதிகாரி அந்தக் கவுனைப் பார்த்தாள். காலையில் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு ஊசி போடவைத்ததே அவள்தான். அதன் நீளம் மட்டும் நினைவுக்கு வரவில்லை.