படியில் ஓட்டை போடாதே

ஒரு பலகையை அறுக்க மூன்று பேர். ஒருவன் அறுக்கிறான், ஒருவன் பிடிக்கிறான், ஒருத்தி அதைச் செல்போனில் படம் எடுக்கிறாள். வேலை செய்வதை விட, செய்ததாகக் காட்டிக்கொள்வதுதான் இப்போதெல்லாம் பெரிய வேலையாகிவிட்டது. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த பெரியவருக்குப் பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது.

கல்லூரிப் பிள்ளைகளாம். முட்டி தேய்ந்தவர்கள் வீட்டுக்குள் ஏறி இறங்க, மரத்தில் சாய்வுப்பாதை போடுகிறார்களாம். "மூணு பேர் வருவாங்க மாமா. நீங்க எப்பவும் போல இருங்க, அது போதும்" என்று காலையில் வேலைக்குக் கிளம்பும்போது மருமகள் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். எப்பவும் போல இருப்பதில் அவருக்கு ஒரு கஷ்டமும் இல்லை.

"எனக்கெதுக்குடா ராம்ப்பு? நான் என்ன தள்ளுவண்டியா?"

அவர்களுக்குள்ளேயே சண்டை. அறுத்த பலகை ஒரு சாண் குட்டை.

"அளந்தது யாரு?" என்றாள் கண்ணாடிக்காரி.

"நீ சொன்ன அளவுதான்" என்றான் நெட்டையன்.

"சொன்னது காதுல விழுந்தாத்தானே? உன்னைப் போய் என் குரூப்ல சேத்தேன் பாரு, என்னைச் சொல்லணும்."

"கத்துங்க, கத்துங்க. மேடம் வந்து கத்தினதுக்கு மார்க் போடுவாங்க" என்றான் தொப்பிக்காரன்.

நெட்டையன் கோபத்தில் டிரில்லைத் தூக்கி மேல்படியில் வைத்தான். பெரியவர் எழுந்து போய் டிரில் மாட்டியிருந்த எக்ஸ்டென்ஷன் ஒயரைப் பிடுங்கினார். சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தார்.

"என் படியில ஒரு ஓட்டை விழுந்துச்சு, உன் மண்டையிலயும் ஒண்ணு விழும்."

"படியில திருகாணி போடலன்னா பலகை வழுக்கிடும் தாத்தா."

"வழுக்கட்டும். முதல்ல உங்க மேடத்தை ஏறிப் பாக்கச் சொல்லு."

கண்ணாடிக்காரி கிட்டே வந்தாள். "மூணு மணிக்கு அவங்க வந்து பாப்பாங்க தாத்தா. ராம்ப் நிக்கலன்னா மூணு பேரும் ஃபெயில். பாஸானாத்தான் வேலைன்னு கம்பெனியில சொல்லிட்டாங்க. எங்க வீட்டுல எல்லாரும் அந்த வேலையைத்தான் நம்பிக்கிட்டு இருக்காங்க." கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அழுதா சிமெண்டு இளகிடுமா? போம்மா."

மூவரும் சுவரோரம் ஒதுங்கினார்கள். "சரியான முசுட்டுக் கிழம்" என்றான் தொப்பிக்காரன்.

"காது கேக்குதுடா எனக்கு!"

அதுவரை ஒருவரை ஒருவர் கடித்துக் குதறியவர்கள், அவரைத் திட்டுவதில் ஒன்று சேர்ந்தார்கள். திட்டிக்கொண்டே யோசனையும் நடந்தது.

"படியில பிடிக்க வேணாம். அடியில முட்டுக் குடுத்தா?" என்றான் நெட்டையன். "கேட்டுக்குக் கீழ சிமெண்டு வரம்பு இருக்கு பாரு. பலகையை அதுவரைக்கும் நீட்டி முட்ட வெச்சுட்டா எங்க வழுக்கும்?"

கண்ணாடிக்காரி முதல் தடவையாக அவன் மேல் எரிந்து விழவில்லை. செல்போனைப் பைக்குள் போட்டாள். "மிச்சத் துண்டை எடு. ஒட்டுப் போடலாம்."

டிரில் இல்லை, திருப்புளியை வைத்துக் கையால் திருகினார்கள். தொப்பிக்காரனின் உள்ளங்கை கொப்புளித்தது. மற்ற இருவரும் மாற்றி மாற்றித் திருகினார்கள். பலகை வரவேண்டிய இடத்தில் பெரியவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இங்கதான் நிழலு. எந்திரிக்க மாட்டேன்."

பையன்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். நாற்காலியோடு அவரைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தார்கள்.

"டேய்! இறக்குடா! இறக்குடாங்கறேன்!"

மூன்று மணிக்கு கேட்டில் ஸ்கூட்டர் சத்தம். "மேடம்!" என்று மூவரும் எழுந்து நின்றார்கள். வந்தவள் வண்டியை விட்டு இறங்கவில்லை. சாய்வில் அப்படியே ஏற்றி, கதவுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். பலகை அசையவில்லை.

அவளைப் பார்த்ததும் பெரியவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"படியில திருகச் சொல்லியிருந்தேனே, ஏன் திருகல?"

கண்ணாடிக்காரி பெரியவரைப் பார்த்தாள். "வீட்டுக்காரருக்கு ஓட்டை போடுறது பிடிக்கல மேடம். அதனால நாங்களே மாத்திட்டோம்."

"ரொம்பத் திட்டினாரா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல மேடம்" என்றான் நெட்டையன். தொப்பிக்காரன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். கண்ணாடிக்காரி அவன் காலை மிதித்தாள்.

மேடம் சிரித்துவிட்டாள். "பலகை அடிக்க யாருக்கு வேணும்னாலும் சொல்லிக் குடுத்துடலாம். முரண்டு பிடிக்கிற வீட்டுக்காரரை வெச்சுக்கிட்டு, உங்களுக்குள்ள அடிச்சுக்காம வேலையை முடிக்கிறீங்களான்னு பாக்கத்தான் எங்க வீட்டு முகவரியைக் குடுத்தேன். இவர் என் மாமனார். இன்னிக்குப் பரீட்சையே இவர்தான். மூணு பேரும் பாஸ்."

பெரியவர் மருமகளை ஒரு முறை முறைத்தார். மடியில் இருந்த ஒயரை அவள் கையில் திணித்துவிட்டுக் கைத்தடியை எடுத்தார்.

கண்ணாடிக்காரிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. "அப்பாடா! அப்ப அத்தனையும் நடிப்பா தாத்தா?"

அவர் தடியால் சாய்வை ஒரு தட்டுத் தட்டினார். நம்பிக்கை வரவில்லை. பக்கத்தில் மிச்சமிருந்த படியில் காலை வைத்து, சுவரைப் பிடித்து முனகிக்கொண்டே ஏறினார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"எவன் நடிச்சான்?"