வக்கீல் வீட்டுக் களி

ஜூனியராகச் சேர்ப்பதற்கு முன் வக்கீல் முனிவேல் ஆளை வீட்டுச் சாப்பாட்டுக்கு அழைத்து எடை போடுவார் என்பது கிருஷ்ணகிரி கோர்ட்டுக்கே தெரியும். அதற்காகவே ராயன் விருந்து நாகரிகமெல்லாம் பழகிக்கொண்டு வந்திருந்தான்.

தட்டுக்கு வந்ததோ கேழ்வரகுக் களியும் கொள்ளுக் குழம்பும்.

"சொந்த ஊரு எது தம்பி?"

"மெட்ராஸ்தான் சார்."

களியைச் சிறிதாகக் கிள்ளி, வாயை மூடி, சத்தமில்லாமல் மென்றான். வக்கீல் சிரித்துவிட்டார்.

"களியை யாராச்சும் மெல்லுவாங்களா? உருட்டி முழுங்கணும். நம்ம கட்சிக்காரங்க பூரா அஞ்செட்டி மலைக்காரங்க. அவங்க வீட்டுல உக்காந்து சாப்பிடத் தெரிஞ்சவன்தான் எனக்கு வேணும். அஞ்செட்டி ஆஞ்சப்பன் மவன் திம்மராயன் மெட்ராஸ்ல பி.எல். முடிச்சிருக்கானாம். பார்த்தா வரச் சொல்லு. அன்னைக்கே சேத்துக்கறேன்."

ராயன் சட்டென்று நிமிர்ந்தான்.

"சார், அந்தத் திம்மராயன் நான்தாங்க! பேரைச் சுருக்கிக்கிட்டேன்."

"அஞ்செட்டிக்காரனா? நீயா?"

அவன் சின்ன வயசிலிருந்து வீட்டில் சாப்பிட்டு வந்தபடியே பெரிய உருண்டையாக உருட்டி, குழம்பில் தோய்த்து, ஒரே மூச்சில் விழுங்கிக் காட்டினான்.

வக்கீல் அசந்துபோனார்.

"பரவால்லியே! சொல்லிக்குடுத்த உடனே கத்துக்கிட்டியே. மெட்ராஸ்காரன் கெட்டிக்காரன்தான். ஆனா வேலைக்காகப் பொய் சொல்றவன் எனக்கு ஆகாது தம்பி."