வாயால் ஓட்டிய கார்

"சாவியைத் தொடாதீங்க. இஞ்சின் சத்தத்தை நீங்களே வாயால போடுங்க" என்றார் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர்.

"வாயாலயா?"

"பெட்ரோல் விக்கிற விலையில வேற வழியில்லைம்மா. ட்ர்ர்ர்னு சொல்லுங்க. சத்தம் ஏறும்போது கிளட்ச்சை மிதிச்சு கியரை மாத்துங்க."

வேன் அக்காவுக்கு அழுகையே வந்துவிட்டது.

பள்ளிக்கூட வேனில் பிள்ளைகளைக் கைபிடித்து ஏற்றி இறக்குகிற வேலை அவளுக்கு. அதனால் தெருவுக்கே அவள் வேன் அக்கா. பெட்ரோல் விலை ஏற ஏற, பள்ளிக்கூடம் செலவைச் சுருக்கக் கிளம்பியது.

"இனிமே வேனுக்கு ஒரு ஆள்தாம்மா. நம்ம டிரைவர் மாசக் கடைசியோட நின்னுக்கிறார். அதுக்குள்ள லைசென்ஸ் வாங்கிட்டு வந்தா ஸ்டியரிங் உனக்கு. இல்லேன்னா நான் ஒண்ணும் செய்ய முடியாது" என்று பெரிய டீச்சர் சொல்லிவிட்டார்.

உடனே ஒரு டிரைவிங் ஸ்கூலில் போய்ச் சேர்ந்தாள். அங்கே சொல்லிக் கொடுத்தவர் இரண்டாம் நாளே, "இப்படி ஒரு பயந்தாங்கொள்ளியை நான் பார்த்ததே இல்லை" என்று சொல்லப்போக, நடுரோட்டில் காரை விட்டு இறங்கி விறுவிறுவென்று வீட்டுக்கு நடந்துவிட்டாள். அக்காவுக்கு ரோஷம் கொஞ்சம் ஜாஸ்தி.

"எனக்கென்ன பயம்? அந்த ஆளுக்குச் சொல்லிக் கொடுக்கத் தெரியலை!" என்று பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். இறங்கி நடந்த கதையோடு இந்த மாஸ்டரிடமும் சொன்னாள்.

இங்கே வந்தால் இந்தக் கூத்து!

முதல் நாள் மட்டும்தான் மாஸ்டர் சாவியைத் திருப்பச் சொன்னார். கார் குலுங்கி நின்றது. மறுபடி கிளப்பினாள், மறுபடி குலுங்கி நின்றது. மாஸ்டர், "இன்னைக்கு இது போதும்மா" என்று சாவியை உருவிக்கொண்டார். மறுநாளிலிருந்து வாய்தான் இஞ்சின்.

மரத்தடியில் நிறுத்திய காருக்குள் உட்கார்ந்து அவள் "ட்ர்ர்ர்" என்று உறுமுவதைத் தெருவே நின்று வேடிக்கை பார்த்தது. காய்கறிக்காரர், "என்னக்கா, இன்னைக்கு எதுவரைக்கும் போயிட்டு வந்தீங்க?" என்று கேட்டார்.

மாஸ்டர் விடுவதாக இல்லை. "மேட்டுல ஏறுற வண்டி இப்படியா முனகும்? கனமா, இன்னும் கனமா!"

அக்காவுக்குத் தொண்டை கட்டிக்கொண்டதுதான் மிச்சம்.

அவள் புருஷனுக்குப் பொறுக்கவில்லை. பைக்கை மூடிப்போட்டு நிறுத்திவிட்டு பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வேலைக்குப் போகிற மனுஷன் அவன்.

"விலை ஏறினது எனக்குத் தெரியாதா? அதுக்காக, பீஸ் கட்டினவங்களைக் கத்த விடுறதா? உன் பெட்ரோலை அந்த ஆள் சொந்த வண்டிக்கு ஊத்திக்கிறார். நான் போய் நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேட்கிறேன் பாரு!"

போனான், கேட்டான். மாஸ்டர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பார்த்துச் செய்யலாம் சார்" என்றதோடு சரி.

அடுத்த வாரம் திடீரென்று, "சாவியைத் திருப்புங்கம்மா" என்றார்.

அதன் பிறகு காலையில் கிளம்பினால் மதியம்வரை ரோடுதான். பாலம், மேடு, மார்க்கெட் நெரிசல் என்று ஓர் இடம் பாக்கியில்லை. முள் கீழே இறங்கினால் பங்க்கில் நிறுத்தி டேங்கை நிரப்பிக்கொண்டு மறுபடி கிளப்பச் சொன்னார்.

"என் வாய்க்குப் பயந்துட்டார்!" என்று புருஷன் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான்.

டெஸ்ட் அன்று இன்ஸ்பெக்டர் பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்தார். செங்குத்தான மேட்டில் நிறுத்தி எடுக்கச் சொன்னார். ஒரு இம்மி கூடப் பின்னால் உருளாமல் எடுத்தாள். பின்பக்கமாக எட்டு போடச் சொன்னார். போட்டாள்.

இன்ஸ்பெக்டர் காதைக் கொடுத்துக் கேட்டார். "ஏம்மா, வண்டியில ரெண்டு இஞ்சின் ஓடுற மாதிரி சத்தம் வருதே?"

"ஒண்ணு என்னுது சார்."

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "பாஸ். இறங்குங்க" என்றார்.

லைசென்ஸ் கைக்கு வந்ததும் அக்கா வேனின் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தபோது பிள்ளைகள் போட்ட கூச்சலில் பெரிய டீச்சரே ஓடி வந்துவிட்டார்.

"அக்கா, இனிமே எங்களை யார் ஏத்திவிடுவாங்க?"

"நான்தான்! ஏத்திவிடுறதும் நானே, ஓட்டுறதும் நானே!"

எத்தனையோ வருஷமாகப் பின்சீட்டிலிருந்தே பார்த்த ரோடு, இப்போது அவள் கைக்குள் இருந்தது. அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அன்று சாயங்காலமே இனிப்போடு டிரைவிங் ஸ்கூலுக்குப் போனாள். அங்கே ஒரு காலேஜ் பெண் உட்கார்ந்திருந்தாள்.

"உனக்கும் ட்ர்ர்ர் ஆரம்பிச்சாச்சா?"

"ட்ர்ர்ரா? அப்படின்னா என்ன ஆன்ட்டி? நான் முதல் நாள்லேருந்தே ரோட்டுலதான் ஓட்டுறேன்."

பக்கத்தில் இருந்த மற்றவர்களும், "நாங்களும்தான்" என்றார்கள்.

அக்காவுக்குச் சுர்ரென்று ஏறியது. நேராக மாஸ்டர் முன்னால் போய் நின்றாள்.

"ஏன் மாஸ்டர், பெட்ரோல் விலை எனக்கு மட்டும்தான் ஏறிச்சா?"

மாஸ்டர் எழுந்து அவளை வாசலுக்கு அழைத்துப் போனார். மற்றவர்கள் காதில் விழாமல் சொன்னார்:

"முதல் நாள் சாவியைத் திருப்பினதுமே உங்க கால் கிடுகிடுன்னு ஆடுச்சும்மா. பயப்படுறீங்கன்னு நான் சொல்லியிருந்தா, அன்னைக்கே இறங்கி நடந்திருப்பீங்க. பழியைப் பெட்ரோல் மேல போட்டேன்... என்னைக் கஞ்சன்னு திட்டிக்கிட்டே தினமும் வந்து கத்துக்கிட்டீங்க!"