தலைமுடி அளவு இடைவெளி

பட்டறை வாசலில் ‘டேப்பட் சக்கரவர்த்தி’ என்று தானே எழுதித் தானே மாட்டிக்கொண்டவர் அந்த மெக்கானிக். மனைவியின் அண்ணன் டகடகவென்று அலறும் பழைய பைக்கைக் கொண்டுவந்தபோது சவாலே விட்டார்: “இந்த டேப்பட் சத்தம் நிக்கலன்னா போர்டைக் கழட்டிடறேன், மச்சான்!”

எஞ்சின் நன்றாக ஆறியிருந்தது. வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் நடுவே தலைமுடி அளவு இடைவெளிதான் இருக்க வேண்டும்; கூடினால்தான் இந்த டகடக. அளவுத் தகட்டைச் செருகினார். லேசான பிடிப்பு, கச்சிதம். சந்தேகத்துக்கு அதைவிடத் தடித்த தகட்டைச் செருகினார். அதே பிடிப்பு. ராக்கர் இம்மியும் அசையவில்லை. கடைசியில் கட்டிலிருந்த பதின்மூன்று தகடுகளையும் சேர்த்தே செருகினார். போயின.

“என்ன மாப்ள, சீட்டுக்கட்டு கலைக்கிறீங்களா?” என்றார் மச்சான்.

சக்கரவர்த்தி தகடுகளை உருவிவிட்டுச் சுண்டுவிரலை வைத்துப் பார்த்தார். அதுவும் முதல் கணு வரை போயிற்று. பிறந்த குழந்தை பற்றுவதுபோல அந்த இடைவெளி விரலை மெல்லப் பற்றிக்கொண்டது.

“மச்சான், போர்டை நீங்களே கழட்டிடுங்க.”

“ஏன், உங்க கைக்கு என்னாச்சு?”

“மெதுவாப் பேசுங்க, முழிச்சுக்கும்,” என்றார் அவர், விரலை உருவாமல்.