தூதருக்கு ஒரு கேள்வி

முன்னாள் தூதரின் கையில் தண்ணீர்க் குவளை நடுங்குகிறது. பீரங்கி வைத்திருந்தவர்களோடெல்லாம் பல்லைக் காட்டிக் குலுக்கிய கை அது. இன்று முனைவர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வில், மகள் வயதுப் பேராசிரியை முன்னால் கிடுகிடுக்கிறது. சன்னல் வெயில் அவருடைய தலையணைத் தடிமன் ஆய்வேட்டின் மேல் விழுந்து கிடக்கிறது. மின்விசிறி கடகடவென்று சுற்றியும் அவர் காலருக்குள் வியர்வை இறங்குகிறது. “எல்லை ஒப்பந்தம் தோல்வின்னு எழுதியிருக்கீங்க. யாரால தோத்துச்சு சார்?” கையெழுத்துப் போட்டவரே அவர்தான், அறைக்கே தெரியும். “அன்றைய சூழ்நிலைகள் பலவாறாக…” என்று இழுத்துவிட்டு மறுபடி குவளையைத் தூக்குகிறார். “சூழ்நிலைக்கு நான் பட்டம் கொடுக்க முடியாதே சார்.” காதோரம் குனிந்து பதில் எடுத்துக்கொடுக்கும் செயலாளர் இப்போது இல்லை. பின்வரிசையிலிருந்து மனைவியின் குரல்தான் வருகிறது: “தண்ணி குடிச்சது போதுங்க, வாயத் திறங்க.” யாரோ சிரிப்பை இருமலாக்குகிறார்கள். அவர் குவளையைக் கீழே வைக்கிறார். “என்னாலதாம்மா. கோடு போட்டோம், எல்லையோர ஊர்ல வீடு வாசல் போச்சு. அந்த ஊர்க்காரங்கள ஒரு வார்த்தை கேக்கல.” இதுவரை அவர் பேசி முடித்தால் கைதட்டுவார்கள். இங்கே மின்விசிறி மட்டும் கடகடக்கிறது. பேராசிரியை நிமிர்ந்து பார்க்கிறார். “ஏன் கேக்கல?”